கண்காணியின் தகுதி

ஒரு சமயத்தின் பெருமையை அதன் மறைநூலைக் கொண்டு மட்டும் உலகம் அளப்பதில்லை. அம்மறைநூலைக் கையிலேந்தி முன்னே நடப்பவரின் வாழ்க்கையைக் கொண்டும் அளக்கிறது. மறைநூலைப் படிக்கக் கல்வி வேண்டும். பொழுதும் பொறுமையும் வேண்டும். மனிதரின் நடத்தையைப் படிக்க இவற்றுள் ஒன்றும் வேண்டா. எழுத்தறியாத மூதாட்டியும் தன் ஊர்ப் போதகர் எத்தகையவர் என்பதைச் சில திங்களில் அறிந்துகொள்கிறாள். ஆதலால் சமயத் தலைவரின் ஒழுக்கம் பற்றிய கேள்வி அவருடைய சொந்த வாழ்வு பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை. அவரை நம்பி வாழும் மக்கள் அனைவரையும் அது தொடுகிறது.

அக்கேள்வியை இவ்வாறு கூர்மையாக எழுப்பலாம். மருத்துவர் ஒருவர் பொய்யராக இருக்கலாம், சூதாடியாகவும் இருக்கலாம். ஆயினும் அவர் நோயறிந்து கொடுக்கும் மருந்து நோயைத் தீர்க்கவே செய்யும். பாலம் அமைத்த பொறியாளர் தம் இல்லத்தில் கொடியவராக இருந்தார் என்பதற்காக அப்பாலம் இடிந்து விழுவதில்லை. அங்ஙனமாயின், திருச்சபைத் தலைவரிடம் மட்டும் ஒழுக்கத்தை ஏன் வற்புறுத்த வேண்டும்? நன்றாகப் பேசவும், நிருவகிக்கவும், நிதி திரட்டவும் வல்லவராக இருந்தால் போதாதா?

கிறித்துவத் திருச்சபை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடி வந்திருக்கிறது. அது கண்ட விடைகள் இரண்டு. தலைவர் குற்றமற்றவராக இருந்தே ஆகவேண்டும் என்பது ஒன்று. தலைவர் தீயவராயினும் அவர் கைவழியே வரும் இறையருள் கெடுவதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றுகின்றன. அம்முரண் உண்மையானதுதானா என ஆராய்வது பயனுடையதாகும்.

சொல் ஒன்று, பார்வை இரண்டு

புதிய ஏற்பாட்டில் திருச்சபைத் தலைவரைக் குறிக்க வழங்கும் கிரேக்கச் சொற்களுள் ஒன்று 'எப்பிஸ்கோப்பொஸ்' என்பது. மேற்பார்த்துக் காப்பவர் என்பது அதன் பொருள். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இச்சொல்லுக்கு நேராக ஆளப்பட்ட சொல் 'கண்காணி' என்பதாகும். அது புதிதாக ஆக்கப்பட்ட சொல்லன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தோர் மாகேசுவரக் கண்காணி எனக் குறிக்கப்பெற்றனர். திருமூலரோ, மறைவிடம் என ஒன்றை அறியாது எங்கும் நோக்கி நிற்கும் இறைவனையே கண்காணி என்றார்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இச்சொல் மற்றொரு நினைவையும் எழுப்பும். பேச்சு வழக்கில் 'கங்காணி' எனத் திரிந்த இச்சொல் தோட்டப்புற வரலாற்றோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடைசெய்த காலம் வரையில், நிருவாகத்தின் அனுமதிச் சீட்டோடு தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றாரையும் அண்டை அயலாரையும் சேர்த்துக் கப்பலேற்றி வந்தவர் கங்காணியாவார். தோட்டத்தில் அவர்களை மேய்த்தவரும் அவரே. தம்கீழ் வேலைக்கு இறங்கிய ஆள்களின் தலையை எண்ணி அவருக்குக் காசு கிடைத்தது. கங்காணியருள் நல்லோர் இலர் என்று கூறுதல் அறமாகாது. நோயுற்றோரைத் தாங்கியவரும், கோயில் எழுப்பியவரும், ஆதரவற்ற பெண்டிர்க்கு மணம் முடித்து வைத்தவரும் அவருள் உண்டு. ஆயினும் அம்முறையின் அமைப்பு ஒன்றை மறைக்க முடியாது. கங்காணி ஆள்களைப் பார்த்தார். ஆனால் ஆள்களுக்காகப் பார்க்கவில்லை. அவர் கண் தொழிலாளியின்மேல் இருந்தது. கருத்து துரையின்மேல் இருந்தது.

திருச்சபைக் கண்காணியும் மக்களைப் பார்ப்பவரே. அவர் யார்பொருட்டுப் பார்க்கிறார் என்பதே வினா. மந்தையின் நலத்திற்காகப் பார்க்கிறாரா? அன்றித் தலைகளை எண்ணுவதற்காகவும், தம் பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் காப்பதற்காகவும் பார்க்கிறாரா? தலைவரின் தகுதி பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது எனலாம்.

பட்டியல் கூறுவது யாது?

பவுலின் பெயரால் வழங்கும் திருமுகங்களுள், எபேசு நகரில் இருந்த தீமோத்தேயுவுக்கும் கிரேத்தா தீவில் இருந்த தீத்துவுக்கும் எழுதப்பட்டவை, கண்காணிக்குரிய தகுதிகளைப் பட்டியலிட்டுக் கூறுகின்றன. தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் கூறும் தகுதிகள் ஏறத்தாழப் பதினைந்து. பழிச்சொல்லுக்கு இடங்கொடாத வாழ்வு, மணவாழ்வில் உண்மை, நிதானம், தன்னடக்கம், ஒழுங்கு, விருந்தோம்பல், கற்பிக்கும் ஆற்றல், மதுவுக்கு அடிமையாகாமை, கைநீட்டி அடியாமை, சாந்தம், சண்டை விரும்பாமை, பண ஆசையின்மை, இல்லத்தைச் செம்மையாக நடத்துதல், சமயத்திற்குப் புதியவராக இராமை, திருச்சபைக்குப் புறம்பானோரிடமும் நற்பெயர் பெற்றிருத்தல் என அவை விரிகின்றன.

இப்பட்டியலைப் பொறுமையாக நோக்குவார்க்கு வியப்பான உண்மை ஒன்று புலனாகும். இவற்றுள் தொழில்திறமை என்று கூறத்தக்கது ஒன்றே. அது கற்பிக்கும் ஆற்றல். ஏனைய யாவும் பண்புகள். அப்பண்புகளும் அரியவையல்ல. நாற்பது நாள் நோன்பிருக்க வேண்டும் என்றோ, அற்புதங்கள் ஆற்ற வேண்டும் என்றோ, கனவில் இறைவன் தோன்ற வேண்டும் என்றோ அப்பட்டியல் கேட்கவில்லை. குடித்துவிட்டுச் சண்டையிடாதிருக்க வேண்டும். வந்தவர்க்குச் சோறிட வேண்டும். பணத்தைக் கண்டு மயங்காதிருக்க வேண்டும். நல்ல அயலார் ஒருவரிடம் எவரும் எதிர்பார்க்கும் ஒழுக்கம் இதுவே.

அக்காலக் கிரேக்க உலகிலும் இத்தகைய பட்டியல்கள் வழங்கின. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ஒனசாந்தர் என்பார், படைத்தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுபவன் தன்னடக்கமும் பொருளாசையின்மையும் நாவன்மையும் நற்பெயரும் உடையவனாக, மக்கட்பேறு பெற்ற தந்தையாக இருத்தல் நன்று எனத் தம் போர்நூலில் எழுதினார். ஆகவே திருச்சபை தன் தலைவர்க்கென வானுலக அறம் ஒன்றைப் படைத்துக்கொள்ளவில்லை. நாட்டோர் அனைவரும் அறம் என ஒப்புக்கொண்டதையே தன் தலைவரிடமும் கேட்டது. அதனைப் புறக்கணிப்பவர், 'எம் சமயத்தின் ஆழம் உமக்கு விளங்காது' என்று பிறரிடம் தப்பிக்கவும் வழியில்லை.

பட்டியலின் சாட்சிகள் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. ஒரு சாட்சி வீட்டிற்குள் இருக்கிறது. மேடையில் அன்பைப் பற்றி முழங்கும் ஒருவர், விளக்கணைந்த பின்னர் மனைவியிடமும் மக்களிடமும் எவ்வாறு பேசுகிறார் என்பதை அவ்வில்லம் அறியும். மற்றொரு சாட்சி திருச்சபைக்கு வெளியே இருக்கிறது. போதகர் கடனைத் திருப்பித் தருபவரா என்பதை மளிகைக் கடைக்காரர் அறிவார். அவர் இந்துவாக இருக்கலாம், இசுலாமியராக இருக்கலாம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒழுங்காகச் சம்பளம் கிடைக்கிறதா என்பதைப் பக்கத்து வீட்டார் அறிவர். இவ்விரு சாட்சிகளுக்கும் அவருடைய பிரசங்கம் தேவையில்லை. பல சமயத்தார் கூடி வாழும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில், புறத்தார் சாட்சி என்னும் இத்தகுதி தனிச்சிறப்புடையது.

அத்திருமுகம் தகுதிகளைக் கூறியதோடு அமையாமல் அவற்றைச் சோதிக்கும் முறையையும் கூறுகிறது. திருச்சபையின் உதவிக்காரராக அமர்த்தப்படுவோர் முதலில் சோதிக்கப்பட வேண்டும். எவர் தலைமீதும் அவசரப்பட்டுக் கைவைத்துப் பட்டம் கொடுத்தல் ஆகாது. மூப்பர்மீது குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகளின்றி அதனை ஏற்கலாகாது. குற்றம் மெய்ப்பட்டால் எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கத் தயங்கலாகாது. வீண்பழியிலிருந்து தலைவரைக் காக்கும் விதியும், தலைவரிடமிருந்து மக்களைக் காக்கும் விதியும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். தமிழகத்தில் இவ்வொழுங்கு பேணப்பட்டதற்குத் தரங்கம்பாடி சான்று. 1733ஆம் ஆண்டில் இந்தியரான முதல் புரொட்டஸ்டண்டுப் போதகராகப் பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் உபதேசியாராகப் பல ஆண்டுகள் பணியாற்றி அறியப்பட்டவர்.

கறைபட்ட கையும் கறைபடா அருளும்

இனி இரண்டாவது விடையைக் காண்போம். கி.பி. 303ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறித்துவர்மீது கொடிய அடக்குமுறையை ஏவினான். மறைநூல்களை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. மறுத்தோர் பலர் மாண்டனர். அஞ்சியோர் சிலர் ஒப்படைத்தனர். அடக்குமுறை ஓய்ந்த பின்னர், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சிசிலியன் என்பவர் ஆயராக அமர்த்தப்பெற்றார். அவர்க்குப் பட்டம் கொடுத்த ஃபெலிக்ஸ் என்னும் ஆயர், மறைநூலை ஒப்படைத்துத் துரோகம் செய்தவர் எனச் சிலர் குற்றஞ்சாட்டினர். கறைபட்ட கை கொடுத்த பட்டம் பட்டமன்று. அப்பட்டத்தைப் பெற்றவர் கொடுக்கும் திருமுழுக்கும் திருமுழுக்கன்று என்று அவர்கள் வாதிட்டனர். இவர்கள் பின்னர்த் தம் தலைவர் தொனாத்தஸ் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டனர். விசாரணையில் ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் எனத் தெரியவந்தது. 314ஆம் ஆண்டில் ஆர்ல் நகரில் கூடிய சங்கமும் தொனாத்தியர் கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் பிளவு நூறாண்டுக்கு மேலும் நீடித்தது.

தொனாத்தியரின் அறச்சீற்றம் இகழத்தக்கதன்று. உயிரைக் கொடுத்தோரின் குருதி காயுமுன், உயிருக்கு அஞ்சியோர் மேடையேறுவதைக் காண எவர்க்கு மனம் பொறுக்கும்? எனினும் அக்கொள்கையின் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த குருவின் மறைவான பாவத்தால் அத்திருமுழுக்கே செல்லாதாயின், எந்தத் தாய் நிம்மதியாக உறங்குவாள்? தனக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரின் உள்ளத்தையும், அவர்க்குப் பட்டம் கொடுத்தவரின் உள்ளத்தையும், அவர்க்கு முன்னவரின் உள்ளத்தையும் ஊடுருவிப் பார்த்தாலன்றி ஒருவர் தம் நம்பிக்கையை உறுதிசெய்துகொள்ள இயலாது. அது மனிதரால் ஆகக்கூடியதன்று.

ஹிப்போ நகர ஆயராகி, 430ஆம் ஆண்டில் மறைந்த அகுஸ்தீன் இதற்கு விடை கண்டார். அருளைத் தருபவர் கிறித்துவே; குருவானவர் அது செல்லும் வழியே என்றார் அவர். தண்ணீர் கல்வாய்க்கால் வழியே தோட்டத்திற்குச் செல்வதை உவமையாகக் காட்டினார். தோட்டம் செழிக்கிறது, பூவும் கனியும் தருகிறது. வாய்க்காலின் கல்லிலோ ஒன்றும் முளைப்பதில்லை.

இவ்வுவமையின் முற்பகுதியைப் பலர் நினைவில் வைத்தனர், பிற்பகுதியை மறந்தனர். தீய குருவின் கையால் வரும் அருள் மக்களை வந்தடைகிறது என்பது உவமையின் ஒரு பாதி. அத்தீய குருவுக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. நீர் ஓடியும் அவர் வறண்டே கிடக்கிறார் என்பது மறுபாதி. முற்பாதி மக்களுக்கு ஆறுதல். பிற்பாதி தலைவர்க்கு எச்சரிக்கை. மக்களுக்காக எழுந்த ஆறுதலைத் தலைவர் தம் குற்றத்திற்குக் குடையாகப் பிடிப்பாராயின், அது பிறர் உடைமையைக் கவர்வதை ஒக்கும். இரண்டு விடைகளும் முரணாகத் தோன்றியதன் காரணம் இங்கே தெளிவாகிறது. ஒரே வினாவுக்கு அவை இரு விடைகளல்ல. இருவேறு மனிதர் கேட்ட இருவேறு வினாக்களுக்கு உரிய விடைகள். 'யான் பெற்ற அருள் மெய்யானதா?' என்று கேட்கும் எளிய நம்பிக்கையாளர்க்கு, 'ஆம், அஞ்சற்க' என்பது விடை. 'யான் எப்படி வாழ்ந்தால் என்ன?' என்று கேட்கும் தலைவர்க்கு அவ்விடை உரியதன்று.

மருத்துவர் உவமை பொருந்தாத இடமும் இதுவே. திருமுழுக்கும் திருவிருந்தும் தலைவர் வழியே வருபவை. ஆனால் தலைவரிடம் மக்கள் எதிர்பார்ப்பவை அவை மட்டுமல்ல. கணவனை இழந்தவள் தன் துயரைச் சொல்லி அழ ஓர் இடம் வேண்டும். தவறிய இளைஞன் தன் தவற்றைச் சொல்ல ஒரு செவி வேண்டும். சொத்துக்காகப் பிரிந்த உடன்பிறந்தார்க்கு ஒரு நடுவர் வேண்டும். இவை யாவும் தலைவரின் உள்ளத்திலிருந்தே வர வேண்டியவை. சொன்ன இரகசியத்தை வெளியில் விற்கும் நாவிடம் எந்தத் துயரைச் சொல்வது? கையூட்டுப் பெறுபவர் எங்ஙனம் நடுவராவது? மருத்துவர் மருந்தைத் தந்து அனுப்பிவிடுகிறார். போதகரோ, 'என் பின்னே வாருங்கள்' என்று முன்னே நடக்கிறார். முன்னே நடப்பவர் குழியில் விழுந்தால் பின்னே வருவோர் நிலை என்னாகும்?

ஹிப்போவில் திறந்த கணக்கு

அகுஸ்தீன் தம் கொள்கையைத் தமக்குக் குடையாகப் பிடித்தவர் அல்லர் என்பதற்கு அவர் வாழ்வின் இறுதிக் காலத்து நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். அவருடைய இல்லத்தில் வாழ்ந்த குருமார், தமக்கெனத் தனியுடைமை கொள்ளாமல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்வதாக உறுதி பூண்டவர்கள். அவர்களுள் ஒருவர் இறந்தார். அவர் பணத்தை வைத்திருந்தார் என்பதும், இறக்குமுன் அதற்கு உயில் எழுதினார் என்பதும் அப்பொழுதுதான் வெளியாயின. தம் மகனையும் மகளையும் விலக்கிவிட்டு, அப்பொருளை அவர் திருச்சபைக்கே எழுதி வைத்திருந்தார்.

நிருவாகக் கண்ணோடு நோக்குவார்க்கு இதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. பணம் திருச்சபைக்குத்தானே வருகிறது? பெற்றுக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். அகுஸ்தீன் அவ்வாறு செய்யவில்லை. அக்கொடையை ஏற்க மறுத்தார். அதனோடும் அமையாமல், மக்களைத் திரளாக வரச்செய்து, நடந்ததை அவர்கள்முன் எடுத்துரைத்தார். பின்னர்த் தம்மோடு வாழும் குருமார் ஒவ்வொருவரின் உடைமை நிலையையும் விசாரித்து, மீண்டும் மக்கள்முன் நின்று அக்கணக்கை வெளிப்படையாக ஒப்புவித்தார். 425ஆம் ஆண்டின் இறுதியிலும் 426ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர் ஆற்றிய அவ்விரண்டு உரைகளும் இன்றும் கிடைக்கின்றன.

எழுபது வயதைக் கடந்தவர் அவர். மேலைத் திருச்சபை முழுவதும் போற்றிய பேரறிஞர். அவரைக் கேள்வி கேட்க அந்நகரில் எவர் துணிந்திருப்பார்? எவரும் கேட்குமுன் தாமே கணக்கைத் திறந்தார். மக்களைப் பார்க்கும் உரிமை பெற்றவர், மக்களால் பார்க்கப்படவும் கடமைப்பட்டவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பழிச்சொல்லுக்கு இடங்கொடாத வாழ்வு என்று அத்திருமுகம் முதலில் கேட்டதன் பொருளும் இதுவே. பாவமே செய்யாத மனிதர் என்பது அதன் பொருளன்று; அத்தகையோர் கிடையார். கதவு திறந்திருக்கும் வாழ்க்கை என்பதே அதன் பொருள்.

கண் மூடிய காலங்கள்

அக்கதவு மூடப்பட்ட காலங்களையும் வரலாறு மறைக்கவில்லை. ஜெர்மனியில் பிராண்டன்பர்க் அரச குடும்பத்தைச் சார்ந்த ஆல்பிரெக்ட், மாக்டபர்க், மைன்ஸ் ஆகிய இரு பேராயப் பதவிகளையும் 1513, 1514ஆம் ஆண்டுகளில் பெற்றபொழுது அவர்க்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. ஆயராவதற்குத் திருச்சபைச் சட்டம் விதித்திருந்த வயது முப்பது. விதிவிலக்குப் பெறுவதற்கு உரோமைக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்தது. ஃபுக்கர் என்னும் வட்டிக்கடைக் குடும்பத்திடம் அவர் கடன் பெற்றார். கடனை அடைப்பதற்குப் பாவமன்னிப்புச் சீட்டுகளின் விற்பனை வழியாயிற்று. 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய எதிர்ப்பும், அதைத் தொடர்ந்து மேலைத் திருச்சபை இரண்டாகப் பிளந்ததும் உலகறிந்தவை. தலைகளை எண்ணிக் காசு பெறும் கங்காணித்தனம் திருச்சபைக்குள் புகுந்ததன் விளைவு அது.

பண ஆசை மட்டுமே தலைவரை வீழ்த்துகிறது என்று எண்ணுதலும் தவறு. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சிறுவர்க்குக் கொடுமை இழைத்த குருமார் தண்டிக்கப்படாமல் ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்கிற்கு மாற்றப்பட்டு வந்தமை வெளியாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அந்நகரின் பேராயரான கர்தினால் பதவி விலகினார். அக்கொடுமையை அவர் செய்யவில்லை. செய்தோரை அறிந்தும் மந்தையின் நடுவே விட்டுவைத்த நிருவாகத்திற்குத் தலைமை தாங்கினார். 2024ஆம் ஆண்டு நவம்பரில் காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக நேர்ந்ததும் இத்தகையதே. கிறித்துவ இளைஞர் முகாம்களோடு தொடர்புடைய ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் இழைத்த கொடுமைகள் பற்றி 2013ஆம் ஆண்டில் தகவல் கிடைத்தும், அவர் இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை கூறியது. காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டதாகத் தாம் நம்பியிருந்ததாக அவர் விளக்கினார். ஒருவரும் அவரைத் திருடர் என்றோ தீயொழுக்கமுடையவர் என்றோ கூறவில்லை. கண்காணியின் கண் விழித்திருக்க வேண்டிய நேரத்தில் விழித்திருந்ததா என்பதே கேள்வியாயிற்று.

சிங்கப்பூர் கண்ட நிகழ்ச்சியோ மேலும் நுட்பமானது. சிட்டி ஹார்வெஸ்ட் திருச்சபையின் நிறுவனர் உள்ளிட்ட ஆறு பேர், ஏறத்தாழ 5 கோடி வெள்ளித் திருச்சபைப் பணத்தைத் தவறாகக் கையாண்டதற்காக 2015ஆம் ஆண்டில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். 2017ஆம் ஆண்டில் மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. அவர்கள் அப்பணத்தால் தனிப்பட்ட ஆதாயம் அடையவில்லை என்பதை நீதிமன்றம் கருத்திற் கொண்டது. இசையின் வழியே நற்செய்தியைப் பரப்பும் முயற்சி என்று கருதிய ஒன்றுக்கே பணத்தைச் செலவிட்டனர். ஆயினும் குற்றம் குற்றமே. பணம் மக்களுடையது, எதற்குச் செலவாகிறது என்பது அம்மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. நோக்கம் நன்று என்னும் உறுதியே ஒருவரை மறைவுக்குள் தள்ளக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஹிப்போவின் முதிய ஆயரை இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். திருச்சபைக்கு வந்த பணத்தையே, அது மறைவிலிருந்து வந்தது என்பதற்காக, அவர் தொட மறுத்தார் அன்றோ?

மன்னிப்பும் பதவியும்

இங்கே ஒரு மறுப்பு எழும். கிறித்துவம் மன்னிப்பின் சமயமாயிற்றே? தம் ஆசானை மும்முறை மறுதலித்த பேதுரு திருத்தூதருள் தலைவரானார்; திருச்சபையைத் துன்புறுத்திய பவுல் அதன் பெருந்தூணானார். அங்ஙனமிருக்க, தவறிய தலைவரை விலக்குதல் மன்னிப்பை மறுப்பதாகாதா?

மன்னிப்பையும் பதவியையும் ஒன்றாகக் கருதுவதால் வரும் மயக்கம் இது. மன்னிப்பு எல்லோர்க்கும் நீட்டப்படுவது. பதவியோ எவர்க்கும் பிறப்புரிமையன்று. கணக்கில் தவறிய காசாளரை மனமார மன்னிக்கலாம். அதற்காகப் பெட்டிச் சாவியை மறுநாளே அவர் கையில் கொடுக்கவேண்டும் என்பதில்லை. மன்னிப்பு தவறியவரின் நலம் கருதியது. பதவி மந்தையின் நலம் கருதியது. பேதுருவின் வீழ்ச்சி மறைக்கப்படவில்லை. நற்செய்தி நூல்கள் நான்கும் அதனைப் பதிவு செய்துள்ளன. தாம் துன்புறுத்தியவர் என்பதைப் பவுல் தம் திருமுகங்களில் தாமே எழுதி வைத்தார். அவர்கள் தம் கடந்த காலத்தை மறைத்துப் பதவிக்கு வந்தவர்கள் அல்லர். அதனை அறிந்த மக்கள் நடுவே பணியாற்றியவர்கள். தவறு வெளிப்பட்டவுடன் 'மன்னிப்பே கிறித்துவம்' என்று கூறும் தலைவர், பாதிக்கப்பட்டவரின் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லைத் தாமே எடுத்துக்கொள்கிறார். அதுவும் ஒருவகைக் களவே.

மக்களின் பங்கு

தலைவரை மட்டும் குறைகூறி முடித்தல் எளிது. தலைவரைத் தேர்ந்தெடுப்போரும், அவரைச் சகித்துக்கொள்வோரும், சில வேளை அவரைக் கெடுப்போரும் மக்களே. பதினைந்து தகுதிகளுள் திறமை ஒன்றே என்று கண்டோம். இன்று அவ்வொன்றே மற்றப் பதினான்கையும் விழுங்கிவிடுகிறது. அருமையாகப் பேசுகிறார் என்பது போதுமானதாகிவிடுகிறது. ஆயிரம் பேரைச் சேர்த்தார், மண்டபம் கட்டினார் என்பவை அவருடைய குறைகளை மறைக்கும் திரைகளாகின்றன. இல்லத்தில் எப்படி, கடனில் எப்படி, எளியவரிடம் எப்படி என்று கேட்பவர், திருச்சபையைக் குலைக்க வந்தவராகக் கருதப்படுகிறார். கேள்வியைத் துரோகம் என்று கருதும் சபையில் நல்ல தலைவரும் நாளடைவில் கெடுவார். எவரும் பார்க்காத இடத்தில் நேர்மையாக நிற்பது எவர்க்கும் அரிது.

திருச்சபை தகுதியைத் தவறான இடங்களில் தேடிய காலமும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியரான முதல் பேராயர் அவரே. இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு உரியவரா என்னும் ஐயம் அன்று எழாமலில்லை. தீமோத்தேயுவின் திருமுகத்தில் தோலின் நிறமோ பிறந்த குலமோ தகுதியாகக் கூறப்படவில்லை என்பதை ஐயுற்றோர் மறந்தனர். தமிழரான அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஏழை மக்கள் நடுவே, அவர்தம் மொழியைக் கற்று, மாட்டு வண்டியில் சிற்றூர் சிற்றூராகச் சென்று பணியாற்றினார். 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் மறையும் வரையில் அம்மக்களை விட்டு அவர் நீங்கவில்லை. அவர் தகுதியைப் பற்றிய ஐயத்திற்கு அவர் சொல்லால் விடை கூறியதைவிட வாழ்ந்து கூறியதே மிகுதி.

தோட்டக் கங்காணியின் காலம் முடிந்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று எண்ணிய கணக்கேடுகள் மக்கிப்போயின. அச்சொல் மட்டும் எஞ்சியுள்ளது. திருச்சபையில் அச்சொல்லை மேற்கொள்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: இம்மக்களை யாருக்காகப் பார்க்கிறேன்? மக்களும் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொழுது கேட்க வேண்டியது ஒன்றுண்டு: நாங்கள் பார்க்கும்படி வாழ இவர் உடன்படுகிறாரா? இவ்விரு வினாக்களுக்கும் அஞ்சாதவரே கண்காணியாகத் தக்கவர். பேச்சும் நிருவாகமும் பிறகு கற்றுக்கொள்ளக்கூடியவை.